காவிரிக் கரைப் பழைய வீட்டில் தங்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம் என்று காவிரியை ஒட்டிய ஊர்களில் பழைய அக்கிரகாரத்து வீடுகள் சிலவற்றைச் சீர்செய்து விருந்தினர்களுக்கு விடுகிறார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகள் இவை. இடித்துவிட்டுக் காங்கிரீட் கட்டடம் எழுப்புவதுதான் சுலபம். அதைச் செய்யாமல் ஓட்டைப் பிரித்து மேய்ந்து, உளுத்த உத்தரத்தை மாற்றி, கிணற்றைத் தூர்வாரி மறுபடி ஆள் புழங்கும்படி செய்திருக்கிறார்கள். இந்த வீடுகள் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. அதனாலேயே, இரண்டு நாள் தங்கிவிட்டு "படத்தில் பார்த்த மாதிரி இல்லையே" என்று முகம் சுளித்துப் போகிறவர்களைக் கண்டால் வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் குறை வீட்டில் இருப்பதில்லை. எந்த மாதம் போகிறோம், வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று இரண்டையும் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள்.

ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்காமல் போவது

முதல் தவறு இதுதான், அதிகம் பேர் செய்வதும் இதுதான். விளம்பரப் படத்தில் காவிரி இரு கரையும் தொட்டு ஓடும். பள்ளிக்கூட விடுமுறை என்று மே மாதம் போய் இறங்கினால் படித்துறைக்குக் கீழே வெறும் மணல். அதில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

டெல்டாவில் காவிரி ஓடுவது மேட்டூர் அணையின் கணக்குப்படி. குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12ஆம் தேதி அணையைத் திறப்பதும் ஜனவரி 28ஆம் தேதி மூடுவதும் வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேரச் சில நாள் ஆகும், அங்கிருந்துதான் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் பிரித்துவிடுவார்கள். பிப்ரவரி முதல் ஜூன் நடுப்பகுதி வரை ஆறு வறண்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம் என்றாலும் இந்தத் தேதி எல்லா வருஷமும் ஒன்றாக இருப்பதில்லை. 2022இல் அணை நிரம்பும் நிலைக்கு வந்ததால் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அணையில் இருப்பு குறைந்த வருஷத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். அப்போது பருவத்துக்கு நடுவிலேயே சில நாள் ஆறு மெலிந்துவிடும். ஆகவே பதிவு செய்வதற்கு முன் அந்த வருஷம் மேட்டூர் நீர்மட்டம் என்ன என்று செய்தியில் பார்த்துவிடுங்கள். நாள்தோறும் வருகிற செய்திதான்.

ஆறு பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் நல்லது. ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் கரையெல்லாம் கூட்டமாக இருக்கும், அது வேண்டாதவர்கள் ஒரு வாரம் தள்ளிப் போகலாம். பொங்கலுக்கு முன்பின் நாட்களும் இதமானவை. மழை விட்டிருக்கும், ஆறும் ஓடும், சம்பா கதிர் முற்றி வயல் பழுத்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வீட்டுக்குள் மழை பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது, ஊர் சுற்ற வருகிறவர்களுக்குச் சரிப்படாது.

"ஆற்றங்கரை வீடு" என்ற சொல்லையும் அப்படியே நம்பக் கூடாது. எந்த ஆறு என்று கேளுங்கள். கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டும் ஆறுதான் என்றாலும் அகலத்திலும் நீரோட்டத்திலும் வித்தியாசம் உண்டு. பக்கத்துப் படித்துறையின் பெயரையும் நடக்கிற தூரத்தையும் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். அக்கிரகாரத்து வீட்டின் முகம் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும். ஆறு தெரிவதானால் கொல்லைக் கதவிலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோதான் தெரியும்.

குளிக்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. மேட்டூர் நிரம்பி உபரி நீர் வந்தால் அதைக் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பிலேயே கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள். காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் மாலையில் ஆள் மூழ்கும் ஆழமாகிவிடும். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடும்போது இறங்கவே இறங்காதீர்கள். காவிரியிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். நீச்சல் தெரியும் என்ற தைரியம் இங்கே உதவாது. உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில், படியை விட்டு நகராமல் குளியுங்கள். ஆட்சியர் அலுவலகம் வெள்ள அபாய எச்சரிக்கை கொடுத்திருந்தால் கரைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகவே வேண்டாம்.

விழா நாளைப் பார்க்காமல் தேதி குறிப்பது

திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் நடக்கும், பெரும்பாலும் ஜனவரியில் வரும். சங்கீதத்துக்காகப் போகிறவர்கள் பல மாதம் முன்பே இடம் பிடித்துவிடுவார்கள். அமைதி தேடுகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். கும்பகோணத்தில் கடைசியாக மகாமகம் நடந்தது 2016இல், அடுத்தது 2028இல். அந்தச் சமயத்தில் ஊருக்குள் வண்டி நுழைவதே கஷ்டம். மார்கழியில் விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, திருவெம்பாவை தொடங்கிவிடும். அது பிடித்தவர்கள் மார்கழியில்தான் போக வேண்டும். கோயில்கள் பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தை வீட்டில் கழிக்கும்படி திட்டம் போடுங்கள், பழைய வீட்டின் அருமை பகல் வெயிலில்தான் தெரியும்.

வீட்டை ஹோட்டல் அறை என்று நினைத்துக்கொள்வது

தஞ்சைப் பக்கத்து வீடு அகலத்தில் குறுகி நீளத்தில் ஓடும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை என்று ஒரே நேர்கோடு. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்துவைத்தால் காற்று குறுக்கே ஓடும். சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போய்விடும். சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர் வெயிலைச் சட்டென்று உள்ளே விடாது. எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே புழுங்குகிறது என்று புகார் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். பகலில் கதவைத் திறந்துவைப்பதற்கென்றே கட்டிய வீடு அது.

முற்றம் திறந்ததா மூடியதா என்று முன்பே கேட்பது முக்கியம். கொசுவுக்கும் மழைக்கும் பயந்து சிலர் கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடிவிட்டார்கள். படத்தில் வெளிச்சமாக, அழகாகத்தான் இருக்கும். சூடு வெளியேற வழியில்லாததால் கோடையில் கூடமே வெந்துபோகும். மேலே கம்பி மட்டும் போட்டு வானம் பார்க்க விட்ட முற்றம்தான் என் தேர்வு. கொசுவுக்குக் கட்டிலில் வலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மழை பெய்தால் ஓட்டுச் சரிவிலிருந்து தண்ணீர் முற்றத்தில் கொட்டும், சாரல் தாழ்வாரத்தை நனைக்கும். அது ஒழுக்கு இல்லை, வீட்டின் அமைப்பே அதுதான். நனைந்த சிவப்பு சிமென்ட் தரை வழுக்கும் என்பதை மட்டும் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

வயதானவர்களோடு போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது. கழிவறை அறையோடு சேர்ந்ததா, முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டுமா? இந்த வீடுகளில் குளியலறை முதலில் கொல்லையில்தான் இருந்தது, சீர்செய்தபோது சிலர் உள்ளே கொண்டுவந்தார்கள், சிலர் அப்படியே விட்டுவிட்டார்கள். படுக்கை கீழேயா, மச்சிலா? மரப்படி செங்குத்தாக, ஓராள் ஏறும் அகலத்தில் இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்களால் ஏற முடியாது. வாசற்படியின் உயரம் எவ்வளவு? நிலை தாழ்ந்தும் படி உயர்ந்தும் இருப்பதால் சக்கர நாற்காலியை ஒவ்வோர் அறைக்கும் தூக்கித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

அறைகள் எல்லாம் கூடத்தைப் பார்த்துத் திறப்பவை. ஓர் அறையில் பேசுவது அடுத்த அறையில் கேட்கும். கைக்குழந்தை இருக்கிற குடும்பமோ, பாட்டும் கச்சேரியுமாக வரும் நண்பர் கூட்டமோ ஓர் அறை மட்டும் எடுத்தால் மற்றவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். முழு வீட்டையும் எடுங்கள்.

ஏ.சி. எல்லா அறையிலும் இருக்காது. ஓட்டுக்கூரைக்குக் கீழே உட்கூரை இல்லாத அறையில் இருந்தாலும் பயனில்லை, குளிர் ஓட்டிடுக்கு வழியே போய்விடும். இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் மாட்டாதீர்கள்.

அந்தச் சுவருக்கும் தரைக்கும் என்ன ஆகும் என்று யோசிக்காதது

கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கிறவர்களும் நலங்கு வைக்கிறவர்களும் இந்த வீடுகளை விரும்பி எடுக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் மஞ்சளையும் எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். துடைத்தால் போகாது, அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகக் குறைவு. தூணில் ஆணி அடிப்பது, செல்லோடேப் ஒட்டுவது, பெட்டியைச் சக்கரத்தோடு ஆத்தங்குடிக் கல் (கையால் செய்த பூவேலைச் சிமென்ட் தரைக்கல்) மேல் தரதரவென்று இழுப்பது, எதுவும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லில் எலுமிச்சைச் சாறோ ஆசிட்டோ பட்டால் மெருகு போய்விடும். ஊஞ்சலில் இருவர் உட்காரலாம். ஐந்து பேர் ஏறி ஆடினால் பாரம் முழுக்க உத்தரத்தில்தான் விழும்.

நல்லபடியாகச் சீர்செய்த வீடா என்பதைச் சுவரின் அடிப்பகுதி சொல்லிவிடும். பழைய செங்கல் சுவரில் தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அது காய்ந்து வெளியேறும். மேலே சிமென்ட் பூசி மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்பளிக்கும். தங்குமிடப் படங்களில் முழங்கால் உயரத்துக்கு மரப்பலகையோ டைல்ஸோ ஒட்டி மறைத்திருந்தால் காரணம் கேளுங்கள். அறைக்குள் சுவரோரப் படம் ஒன்று அனுப்பச் சொன்னால் நல்ல வீட்டுக்காரர் தயங்க மாட்டார்.

தெருவை மறந்துவிடுவது

நீங்கள் தங்குவது ஆட்கள் குடியிருக்கும் தெரு. பக்கத்து வீட்டுத் திண்ணை காலியாக இருக்கிறது என்று உட்கார்ந்து படம் எடுப்பது, கோலத்தை மிதித்துக்கொண்டு நடப்பது, வாசலில் நிற்கும் பாட்டியைக் கேட்காமல் படம் பிடிப்பது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைப்பது, எல்லாமே வீட்டுக்காரருக்குத் தெருவோடு பகையை உண்டாக்கும். அசைவமும் மதுவும் வீட்டுக்குள் கூடாது என்று பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு. அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் முன்பே கேட்டு வேறு வீடு பாருங்கள், அங்கே போய்ச் சண்டை போடாதீர்கள்.

சாப்பாட்டை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சமைக்கிற அம்மா காலையில் காய் வாங்கி, எத்தனை பேர் என்று பார்த்துத்தான் உலை வைப்பார். மதியம் ஒரு மணிக்குத் திடீரென்று எட்டு பேருக்குக் கேட்டால் கிடைக்காது. கார் வைக்க இடம் உண்டா, தேர் ஓடும் நாளில் எங்கே நிறுத்துவது என்பதையும் கேட்டு வையுங்கள். ராத்திரி வெகுநேரம் கழித்து வருவதானால் சாவி வைத்திருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கும்போது ஏதாவது குறை தெரிந்தால் ஊருக்குத் திரும்பிய பிறகு இணையத்தில் எழுதக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லுங்கள். ஓட்டில் எங்கே ஒழுகுகிறது, எந்தக் கதவு ஊதிப்போய்ச் சாத்த வரவில்லை என்பது உள்ளே படுத்து எழுந்தவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆவணி, புரட்டாசிக்குள் தெரிந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றிவிடுவார்கள். தாமதித்தால் தண்ணீர் நேரே உத்தரத்தில் இறங்கும்.