பயிற்சிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க: ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிலகப் பயிற்சி முடித்து வரும் பாலிடெக்னிக் மாணவர்களின் அறிக்கைகளை வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்காகப் புரட்டும்போது முதல் ஆறேழு பக்கங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நிறுவனம் தொடங்கிய ஆண்டு, அதன் தயாரிப்புகள், பெற்ற தரச்சான்றுகள், நிர்வாக அமைப்பைக் காட்டும் கட்டப்படம் ஆகியவை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டு, ஸ்பைரல் பைண்டிங்கில் அழகாக அமர்ந்திருக்கும். அந்த மாணவர் எந்த இயந்திரத்தின் முன் நின்றார், எதை அளந்தார், எதைக் கெடுத்தார் என்பதை மட்டும் எங்கும் காண முடியாது. இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பல ஆண்டுகள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான்கு வாரமோ ஓர் ஆண்டோ வீணாவதற்குக் காரணம் சோம்பல் அன்று. சேர்வதற்கு முன்பும் சேர்ந்த முதல் சில நாள்களிலும் செய்யப்படும் சில தவறுகளே பின்னால் வரும் எல்லாவற்றையும் கெடுக்கின்றன.

எந்தப் பயிற்சி என்று தெரியாமல் சேர்வது

தமிழ்நாட்டில் “டிரெய்னிங் போகிறேன்” என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. படிக்கும் காலத்திலேயே கல்லூரி அனுப்பிவைக்கும் தொழிலகப் பயிற்சியும் இன்டர்ன்ஷிப்பும் ஒரு வகை. இவை பாடத்திட்டத்தின் பகுதி என்பதால், காலமும் நிபந்தனைகளும் கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கடிதத்தைப் பொறுத்தவை. உதவித்தொகை கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இரண்டாவது, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வரும் அப்ரண்டிஸ் பயிற்சி. இதில் மாணவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் உண்டு. அது அரசின் இணையதளத்தில் பதிவாக வேண்டும். மாணவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்திலும், டிப்ளமோ, பட்டப்படிப்பு முடித்தவர்கள் நாட்ஸ் எனப்படும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்திலும் பதிவு செய்கிறார்கள். தென் மாநிலங்களுக்கு இந்த நாட்ஸ் திட்டத்தை நடத்தும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

மூன்றாவது வகைதான் சிக்கலானது. மேன்பவர் ஏஜென்சி மூலம் ஆள் எடுத்து, அடையாள அட்டையில் “டிரெய்னி” என்று அச்சிட்டு, உற்பத்தி வரிசையில் நிறுத்துவார்கள். பயிற்சித் திட்டம் இருக்காது, முடிவில் தேர்வும் இருக்காது. கையில் வரும் தொகை அப்ரண்டிஸ் உதவித்தொகையைவிட ஓரிரண்டாயிரம் கூடுதலாக இருப்பதால் பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு மாதம் 7,000 ரூபாயையும், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாயையும், பட்டதாரிக்கு 9,000 ரூபாயையும் குறைந்தபட்சமாக வகுத்தன. (சேரும் ஆண்டில் நடப்பில் உள்ள தொகையை இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.) இந்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. டிப்ளமோ முடித்தபின் ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் பெற்றுவிட்டவர்களை அப்ரண்டிஸாகச் சேர்ப்பதில்லை என்பது பொதுத்துறை நிறுவனங்களின் அறிவிப்புகளில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனை. ஏஜென்சி மூலம் பதினான்கு மாதம் ஓட்டிவிட்டு, திருச்சி பெல் நிறுவனத்துக்கோ நெய்வேலிக்கோ விண்ணப்பிக்க உட்காரும் பையனுக்கு அந்த வரி கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும்.

ஆகவே சேரும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி, “இது அப்ரண்டிஸ் ஒப்பந்தமா, அதன் பதிவு எண் என்ன” என்பதே. அதற்கு நேரான பதில் வரவில்லை என்றால், அது அப்ரண்டிஸ் பயிற்சி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன இரண்டு இணையதளங்களிலும் மாணவர் பதிவு இலவசம்.

பெயர்ப்பலகையைப் பார்த்து இடம் தேர்வது

பெரிய நிறுவனத்தின் பெயர் சான்றிதழில் இருந்தால் போதும் என்று பெற்றோரும் மாணவர்களும் நினைக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரகடத்திலோ ஓசூரிலோ உள்ள பெரிய ஆலையில், முதல் உருப்படியை ஆய்வுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே ஓட்டத்தைத் தொடங்கும் ஒழுங்கையும், ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் முறையையும் கற்கலாம். ஆனால் நான்கு வாரமே இருக்கும் மாணவரை அங்கே ஒரே ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள். கோவை கணபதியிலோ அம்பத்தூரிலோ பத்துப் பேர் வேலை செய்யும் ஜாப் ஆர்டர் பட்டறையில் அதே நான்கு வாரத்தில் கம்பியை அறுப்பது முதல் டெலிவரி சலான் எழுதுவது வரை ஒரு உருப்படியின் முழுப் பயணத்தையும் பார்த்துவிட முடியும். குறுகிய கால தொழிலகப் பயிற்சிக்குச் சிறிய பட்டறையும், ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் பெரிய ஆலையும் பொருந்தும் என்பது என் கருத்து. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களைச் சேர்த்தாக வேண்டும் என்று விதி இருப்பதால், பெரிய இடங்களில் வாய்ப்பு ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கும்.

டாடா டெக்னாலஜீஸுடன் இணைந்து தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 எனப்படும் தானியங்கி, கணினிவழி உற்பத்திக்கான தொழில்நுட்ப மையங்கள் உருவாக்கப்பட்ட பிறகு, புது வகைத் தவறு ஒன்று தலைகாட்டுகிறது. ரோபோவையும் கணினி கட்டுப்படுத்தும் புதிய சிஎன்சி இயந்திரத்தையும் அங்கே தொட்டுப் பழகிய மாணவர், பட்டறையில் பழைய லேத்தை (கடைசல் இயந்திரத்தை) பார்த்ததும் முகம் சுளிக்கிறார். கையால் ஓட்டும் லேத்தில் டூல் மழுங்குவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கப் பழகியவருக்குத்தான், சிஎன்சியின் கதவு மூடியிருக்கும்போதும் உள்ளே என்ன நடக்கிறது என்பது பிடிபடும்.

பட்டறைத் தளத்தில்

இனி மிக முக்கியமான பகுதி. 25 மில்லிமீட்டர் விட்டம், எச்7 (ஆங்கிலச் சிறிய எழுத்து h) டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு, என்று டிராயிங்கில் போட்ட ஒரு ஷாஃப்டை (உருளைத் தண்டை) எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 24.979-க்குக் குறையவும் கூடாது, 25.000-ஐத் தாண்டவும் கூடாது. அதாவது 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளிதான் இருக்கிறது. வகுப்பில் பழகிய வெர்னியரை எடுத்துக்கொண்டு இதை அளக்கப் போவது முதல் தவறு. அதன் லீஸ்ட் கவுன்ட், அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மில்லிமீட்டர், அதாவது 20 மைக்ரான். அனுமதிக்கப்பட்ட இடைவெளியே கிட்டத்தட்ட கருவியின் ஒரு பிரிவு அளவுக்குத்தான் இருக்கும்போது, அந்த அளவீட்டுக்கு என்ன பொருள்?

ஒரு மாணவன் சரியாகவே டிஜிட்டல் மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து, லேத்திலிருந்து அப்போதுதான் கழற்றிய ஷாஃப்டை அளந்தான். 24.985 காட்டியது. நோட்டில் எழுதி, பெட்டியில் அடுக்கினான். அரைமணி நேரம் கழித்து ஆய்வு அறையிலிருந்து அந்த ஷாஃப்ட் சிவப்புச் சீட்டோடு திரும்பி வந்தது: 24.976. அளந்தபோது அது பட்டறையின் வெப்பத்தைவிட சுமார் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தது. 25 மில்லிமீட்டர் எஃகு 30 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 9 மைக்ரான் சுருங்கும். பாடப்புத்தகத்தில் விரிவாக்கக் கெழுவைப் படித்து மதிப்பெண் வாங்கியிருந்த பையன்தான் அவன். அந்தச் சிவப்புச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், ஆய்வு அறையில் ஏன் ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது என்பது அவனுக்கு விளங்கியது. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கெட்டுப்போன உருப்படியை ஸ்கிராப் பெட்டிக்குள் மறைத்துப் போடாமல் சூப்பர்வைசரிடம் தானே கொண்டுபோய்க் காட்டினான் அல்லவா, அதைச் செய்யாத மாணவர்களே அதிகம். மறைக்கப்பட்ட ரிஜெக்ஷனிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியவராது. எண்ணிக்கை குறையும்போது பழி வேறொரு ஆபரேட்டர் மீது விழுந்து, அதன் பிறகு அந்தத் தளத்தில் எவரும் மாணவனுக்கு எதையும் சொல்லித் தரமாட்டார்கள்.

பாதுகாப்பில் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை. கை அழுக்காகாமல் இருக்கக் கையுறை போட்டுக்கொண்டு டிரில்லிங் மெஷினில் நிற்பார்கள். சுழலும் இயந்திரத்தில் கையுறையின் ஒரு நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால் அங்கே கையுறை கூடவே கூடாது. லேத்தைச் சுத்தமாக வைக்க நினைத்து, சுருள் சுருளாக வரும் பிசிறை வெறுங்கையால் இழுப்பார்கள். லேத்தில் உருப்படியைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் ஜாபை இறுக்கிவிட்டுச் சாவியை எடுக்க மறந்து சுவிட்சைப் போடுவது எல்லாவற்றிலும் மோசமானது. சக் சாவியை விட்டுக் கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் சாவியோடுதான் எடுக்க வேண்டும் என்பதைப் பழைய மேஸ்திரிகள் முதல் நாளே தலையில் குட்டிச் சொல்வார்கள். வெல்டிங் பிரிவில் “ஒரு நொடிதானே” என்று கண்ணாடி இல்லாமல் ஆர்க்கைப் பார்ப்பவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் அப்ரண்டிஸுக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சின்னக் காயம்தானே என்று பதிவேட்டில் எழுதாமல் விடுகிறவர்கள், அது பின்னால் பெரிதானால் எதையும் காட்ட முடியாமல் நிற்கிறார்கள்.

தளத்தில் எந்த வேலையை மறுப்பது, எதை மறுக்கக் கூடாது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. இயந்திரத்தைத் துடைப்பது, டூல் அறையில் எடுத்துக் கொடுப்பது, கூலண்ட் ஊற்றுவது போன்றவை கௌரவக் குறைவு என்று நினைப்பது தவறு. டூல் அறையில் ஒரு வாரம் நின்றவருக்கு இன்செர்ட்டுகளின் (டூலில் மாட்டும் வெட்டுமுனைகளின்) பெயரும் பயனும் தெரிந்துவிடும். அதே நேரத்தில், மூன்று மாதமாக உருப்படியை ஏற்றி இறக்குவதைத் தவிர வேறு எதுவும் தரப்படவில்லை என்றால் பேசாமல் இருப்பதும் தவறு. பொத்தாம்பொதுவாகக் குறை சொல்வதைவிட, பயிற்சிப் பாடத்திட்டத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு, “சார், இந்தப் பட்டியலில் கிரைண்டிங் இருக்கிறது, அடுத்த மாதம் அந்தப் பிரிவில் ஒரு வாரம் விட முடியுமா” என்று கேட்பது பலன் தரும். ஓவர்டைம் பற்றிச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது: சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸை மிகைநேரம் வேலை வாங்கக் கூடாது. தீராத தகராறையும் அந்த ஆலோசகரிடமே கொண்டுபோகலாம்.

டிராயிங்கையோ இயந்திரத்தையோ போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதை விளையாட்டாக எண்ண வேண்டாம். அந்த டிராயிங் பெரும்பாலும் பட்டறைக்கு வேலை தரும் வாடிக்கையாளருடையது. இதற்காக ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

மாணவிகள் அறியாமல் விடும் பாதுகாப்பு ஒன்று உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டின் சட்டம், பணியாளர் என்ற சொல்லுக்குள் பயிற்சியாளரையும் அப்ரண்டிஸையும் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். “நான் நிரந்தரப் பணியாளர் இல்லையே” என்று தயங்கி அந்த மூன்று மாதத்தைக் கடத்திவிடக் கூடாது.

கடைசி நாளில் எழுதும் நோட்டு

பயிற்சி முடியும் வாரத்தில், நண்பனின் நோட்டைப் பார்த்து முப்பது நாள் குறிப்பையும் ஒரே பேனாவில் எழுதி முடிப்பது பரவலான வழக்கம். படிக்கிறவருக்கு அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையிலும் “டர்னிங் செய்தேன்” என்று இருக்கும். அன்றாடம் ஆறு வரி போதும்: ஜாபின் பெயர், பொருள், ஸ்பீடும் ஃபீடும், அளந்த கருவி, வந்த பிழை, அதற்குச் செட்டர் (இயந்திரத்தை வேலைக்கு அமைத்துத் தருபவர்) சொன்ன காரணம். 24.976 என்ற ஓர் எண்ணும், அது ஏன் வந்தது என்ற விளக்கமும் உள்ள ஒரு பக்கம், நேர்முகத் தேர்வில் நிறுவன வரலாறு நிரம்பிய இருபது பக்கத்தைவிட அதிக நேரம் பேசப்படும்.

கல்லூரிகளின் பங்கையும் சொல்ல வேண்டும். நாற்பது பேரை ஒரே பேருந்தில் ஏற்றி ஓர் ஆலையைச் சுற்றிக் காட்டிவிட்டு அதைப் பயிற்சி என்று பதிவு செய்வதும், இருபது மாணவருக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருமுறைகூடத் தளத்துக்குப் போகாமல் மதிப்பெண் இடுவதும் மேலே சொன்ன போலி நோட்டுகளுக்கு நேரடியாக வழிவிடுகின்றன.

பாதியில் விட்டுப் போவது

ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சியின் ஒன்பதாவது மாதத்தில் பக்கத்து ஆலையில் பதினைந்தாயிரம் தருகிறார்கள் என்று கிளம்புகிறவர்கள் ஏராளம். வீட்டு நிலைமை அப்படி என்றால் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விளைவைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒப்பந்தத்தை முடிக்காமல் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஐ.டி.ஐ. மாணவர் முழுக் காலத்தையும் முடித்துத் தேர்வு எழுதினால்தான் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வேயில் லெவல் 1 எனப்படும் தொடக்கநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு, ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது, பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில்பெட்டித் தொழிற்சாலை) போன்ற இடத்தில் சேர்ந்து இரண்டு மாதம் மீதம் இருக்கும்போது விட்டுவிட்டால், கைவிட்டுப் போவது அந்த இரண்டு மாத உதவித்தொகை மட்டும் இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது: பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை தந்தாக வேண்டும் என்று நம்பிக் காத்திருப்பது. அப்படி ஒரு கட்டாயம் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அது பொருந்தும். எனவே கடைசி இரண்டு மாதத்தில் வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே, தேர்வுக்குப் பதிவாகிவிட்டதா, வருகைப் பதிவு இணையதளத்தில் ஏறியிருக்கிறதா, சான்றிதழில் வரப்போகும் பெயரின் எழுத்துகள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்ஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்காகவே சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் வரிசையிலிருந்து வெளியே வந்து, பழைய நிறுவனத்தின் பணியாளர் பிரிவுக்குப் போன் போட்டுக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.