இரவில் வண்டி ஓட்டப் பார்வை தெளிவாக: கேரட்டைவிட வண்டியின் முன்கண்ணாடி முக்கியம்

இரவில் சாலை சரியாகத் தெரியவில்லை என்றால் கேரட் சாப்பிடச் சொல்வார்கள். விழித்திரையில் ரொடாப்சின் என்னும் நிறமி உருவாக வைட்டமின் ஏ தேவை என்பதும், அது குறைந்தால் மாலைக்கண் வரும் என்பதும் உண்மைதான். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டையின் மஞ்சள்கரு ஆகியவற்றை அடிக்கடி உண்ணுங்கள்; கீரையில் சிறிது எண்ணெய் சேர்ந்தால்தான் அந்தச் சத்தை உடல் நன்றாக ஏற்கும். குறைபாடு இல்லாதவருக்கு எவ்வளவு கேரட் தின்றாலும் பார்வை அதற்கு மேல் கூடாது.

அடுத்து, கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும் என்பதால், பளிச்சென்ற ஓட்டலில் சாப்பிட்டவுடன் வண்டியை எடுக்காமல் சற்று வெளியே நின்று, டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பலரும் தவறவிடுவது முன்கண்ணாடியின் உட்புறத்தை. வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி அதில் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் கண்ணுக்குத் தெரியாத அப்படலம், எதிர் வண்டியின் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதையும் வெள்ளையாக்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த இன்னொரு துணியால் ஒற்றியெடுங்கள். உட்புறத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்புறத்தை இடமிருந்து வலமாகவும் துடைத்தால், மிஞ்சும் கோடு எந்தப் பக்கத்தது என்பது பார்த்தவுடன் தெரியும். டேஷ்போர்டை ஒட்டிய கீழ் மூலைக்குத் துணியை ஓர் அளவுகோலில் சுற்றி நுழைப்பதே எளிது. டேஷ்போர்டைப் பளபளப்பாக்கும் பாலிஷை நான் தொடுவதே இல்லை. அது கண்ணாடியில் பிரதிபலிக்கும்.

நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலையில் எதிரே ஹைபீம் வந்தால், விளக்கைப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள், வேகத்தையும் குறையுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில், கால் பிரேக்கைத் தொடும் ஒன்றரை விநாடிக்குள் வண்டி 33 மீட்டர் ஓடிவிடும். பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர் அதற்குள்ளேயே நிற்கலாம்.

பின்சேர்க்கை: மஞ்சள் கண்ணாடி அணியலாமா என்று சிலர் கேட்டிருந்தனர். வேண்டாம், அது கண்ணுக்கு வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் குறைக்கிறது. முன்கண்ணாடியைத் துடைத்த பிறகும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால், அது கண்புரையின் தொடக்கமாகவோ பவர் மாறியதாகவோ இருக்கலாம் என்பதால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வளையம் தெரியும்வரை காத்திருக்காமல் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.