விலை குறைந்த என்ஜின் ஒயில் உங்கள் காருக்குப் போதுமா? பார்த்து வாங்கும் முறை

பஞ்சிகாவத்தையில் ஏதாவது ஒயில் கடைக்கு முன்னால் போய் நில்லுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 4 லீற்றர் கேன் இருக்கும், ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. கடைக்காரர் விலை கூடியதை முன்னுக்குத் தள்ளுவார். கராஜில் கேட்டால் பாஸ் தனக்குப் பழகிய பெயரைச் சொல்வார். வீட்டில் மாமா, "எங்கட காலத்தில 20டபிள்யூ-50 தவிர வேற ஒண்டும் ஊத்தினதில்லை" என்பார். முதல் கார் வாங்கியவருக்குத் தலை சுற்றும்.

மலிவான ஒயில் போதுமா என்றால், போதும். உங்கள் கார் கேட்கும் எழுத்தும் எண்ணும் அந்தக் கேனில் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது அசலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விலை அதற்குப் பிறகு வருகிற கதை. இந்த இரண்டையும் எப்படிச் சரிபார்ப்பது என்பதைக் கீழே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். சாவி, ஸ்பானர் எதுவும் தேவையில்லை. ஒரு பழைய துணி போதும்.

படி 1: கார் கேட்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

காருடன் வந்த கையேட்டில் என்ஜின் ஒயில் பற்றி ஒரு பக்கம் இருக்கும். ஜப்பானிலிருந்து இறக்கிய கார் என்றால் கையேடு முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், பயப்பட வேண்டாம். 0டபிள்யூ-20, எஸ்.என். போன்றவை அங்கேயும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும்தான் அச்சாகியிருக்கும். கண்ணால் தேடினாலே அகப்படும். கையேடே இல்லையா? பொனெட்டைத் திறந்து ஒயில் ஊற்றும் மூடியைப் பாருங்கள். பல கார்களில் கிரேட் அந்த மூடியின் மேலேயே பொறித்திருக்கும்.

குறிக்க வேண்டியது மூன்று: 5டபிள்யூ-30 மாதிரியான கிரேட், எஸ்.என். மாதிரியான தர எழுத்து, ஃபில்டருடன் சேர்த்து எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பது. சில கையேடுகள் ஒரு கிரேட்டுக்குப் பதிலாக இரண்டு மூன்றைச் சொல்லும். அப்படியென்றால் உங்களுக்கு யோகம், அவற்றில் மலிவானதைத் தேடலாம்.

படி 2: எண்களை வாசியுங்கள்

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ ஒயிலை மைனஸ் 35 பாகையிலும், 5டபிள்யூவை மைனஸ் 30 பாகையிலும், 10டபிள்யூவை மைனஸ் 25 பாகையிலும் சோதிப்பார்கள். கொழும்பில் விடியற்காலை 22, 23 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். நுவரெலியாவுக்கு ஏறி, உறைபனி விழும் சனவரியில் காரை வெளியே விட்டாலும் 10டபிள்யூ தாங்கும். ஆகவே கையேடு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-20 இரண்டையும் அனுமதித்தால், நமது ஊரில் 0டபிள்யூவுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை.

கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்தான் நமக்கு முக்கியம். அது 100 பாகைச் சூட்டில், அதாவது என்ஜின் ஓடும் நிலையில், ஒயில் எவ்வளவு தடிப்பு என்பதைச் சொல்வது. 20 கேட்கும் ஹைபிரிட் காருக்கு 50 ஊற்றினால் "தடிப்பான ஒயில் என்ஜினைக் காக்கும்" என்று மாமா திருப்திப்படலாம். ஆனால் அந்த என்ஜினின் உள்ளிடைவெளிகள் மெல்லிய ஒயிலுக்காக அமைத்தவை. வால்வுகளின் நேரத்தை மாற்றும் விவிடிஐ போன்ற அமைப்பும் ஒயிலின் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. தடிப்புக் கூடினால் பெற்றோல் செலவு கூடும், ஹைபிரிட் வாங்கிய பலனும் குறையும். 20டபிள்யூ-50 கெட்ட ஒயில் என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்கும் பழைய என்ஜின்களுக்கு அது சரியான ஒயில்தான்.

படி 3: எஸ்ஸுக்குப் பக்கத்து எழுத்தைப் பாருங்கள்

மலிவு ஒயிலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏ.பி.ஐ. என்பது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம். அது பெற்றோல் என்ஜின் ஒயில்களுக்கு எஸ் என்று தொடங்கும் இரண்டு எழுத்துத் தரம் கொடுக்கிறது. இரண்டாவது எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, தரம் அவ்வளவு புதியது. எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.எம்., 2010இல் எஸ்.என்., 2020இல் எஸ்.பி. (ஆங்கிலத்தில் SP, SB அல்ல) என்று வந்தன. 2025இல் எஸ்.கியூவும் வந்துவிட்டது. புதியது பழையதன் வேலையைச் செய்யும். எஸ்.என். கேட்கும் காருக்கு எஸ்.பி. தாராளமாக ஊற்றலாம். தலைகீழாகச் செய்யக் கூடாது.

கடையின் அடித்தட்டில் இருக்கும் மிக மலிவான கேன்களைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் சிறிய எழுத்தில் எஸ்.எஃப். அல்லது எஸ்.ஜி. என்று இருக்கும். 1988க்குப் பிறகு செய்த பெரும்பாலான பெற்றோல் என்ஜின்களுக்கு எஸ்.எஃப். பொருந்தாது என்று ஏ.பி.ஐ. தானே சொல்கிறது. எஸ்.ஜிக்கு அந்த எல்லை 1993. எஸ்.ஏ. என்று கண்டால் தொடவே வேண்டாம், அது 1930க்கு முந்தைய வாகனங்களுக்கானது. 2015 விட்ஸ் வைத்திருப்பவர் எஸ்.எஃப். ஒயிலைப் பாதி விலைக்கு வாங்கினால், அது மலிவு அல்ல, வேறு ஒரு பொருள். அதே தட்டில் அதிகம் பெயர் தெரியாத ஒரு கேன், சரியான கிரேட்டில், எஸ்.என். அல்லது எஸ்.பி. தரத்துடன் இருந்தால் அதுதான் நீங்கள் தேடி வந்த மலிவு ஒயில்.

கேனின் பின்பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மேல் வளைவில் ஏ.பி.ஐ. தரம், நடுவில் கிரேட் இருக்கும். அந்த முத்திரை இருந்தால் அந்தக் கம்பனி ஏ.பி.ஐயிடம் உரிமம் எடுத்திருக்க வேண்டும். ஏ.பி.ஐயின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடி உறுதி செய்யலாம். முத்திரை இல்லாமல் 'எஸ்.என். தரத்துக்கு இணையானது' என்று மட்டும் எழுதியிருந்தால், ஒயில் நன்றாகவே இருக்கக்கூடும், ஆனால் அது கம்பனியின் வாய்ச்சொல் மட்டுமே. நானென்றால் ஒரு சில நூறு ரூபாய் கூடக் கொடுத்து முத்திரை உள்ளதை எடுப்பேன்.

சி என்று தொடங்கும் எழுத்துகள் டீசலுக்கு. 'சி.எஃப்-4/எஸ்.ஜி.' என்று சி முன்னால் வந்தால் அது முதலில் டீசல் என்ஜினை நினைத்துச் செய்த ஒயில். லொறி வைத்திருக்கும் சித்தப்பா தரும் மிச்சக் கேன் பெரும்பாலும் இந்த வகை. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

இரண்டு வகைக் காருக்கு மட்டும் இந்தத் தாராளம் கிடையாது. ஹொண்டா சிவிக் 1.0 மாதிரி நேரடி எரிபொருள் செலுத்தும் டேர்போ என்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றி பிஸ்டனையே உடைக்கக்கூடிய ஒரு சிக்கல் உண்டு. எஸ்.பி. தரம் அதையும் சோதிக்கிறது, ஆகவே எஸ்.பிக்குக் கீழே இறங்க வேண்டாம். பி.எம்.டபிள்யூ., பென்ஸ், ஃபோக்ஸ்வேகன் போன்றவற்றுக்கு அந்தந்தக் கம்பனியின் அங்கீகார எண் கேனில் இருக்க வேண்டும், ஏ.பி.ஐ. எழுத்து மட்டும் போதாது.

படி 4: 'ஃபுல் சிந்தெடிக்' என்ற சொல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

முழுக்கச் செயற்கையாகச் செய்த ஒயில் என்பது அந்தச் சொல்லின் பொருள். அதற்கு அதிகம் கொடுக்க வேண்டாம். கச்சா எண்ணெயிலிருந்தே எடுத்து, மிக நன்றாகச் சுத்திகரித்த மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் சிந்தெடிக் என்றே விற்கிறார்கள். இது பற்றி மொபில் ஒயில் கம்பனி, போட்டிக் கம்பனியான கெஸ்ட்ரோல் மீது அமெரிக்க விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிட்டது. 1999இல் முடிவு கெஸ்ட்ரோலுக்குச் சாதகமாக வந்தது. அதிலிருந்து அந்தச் சொல் நெகிழ்ந்துவிட்டது. மூன்றாம் வகை எண்ணெய் நல்ல எண்ணெய்தான், குறை சொல்வதற்கில்லை. 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய கிரேட்டை எப்படியும் சாதாரண மினரல் எண்ணெயில் செய்ய முடியாது. ஆகவே எழுத்தும் எண்ணும் சரியாக இருந்தால், கேனின் முன்பக்கத்தில் தங்க நிறத்தில் மின்னும் சொற்களைப் பார்க்காமலே விடலாம்.

படி 5: அசல்தானா?

போலி ஒயிலில் எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருக்கும், அதுதான் தொல்லை. வழி இதுதான்: அசல் கேனின் காலிப் போத்தலைச் சேர்த்து, அதில் பெரலில் வாங்கிய ஒயிலையோ, பாவித்து வடிகட்டியதையோ ஊற்றி மூடுவது. பிடிப்பதற்கும் மூடியே துணை. மூடியையும் கழுத்தையும் இணைக்கும் வளையம் முழுதாக இருக்க வேண்டும். திறந்ததும் உள்ளே ஒட்டிய தாள் சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். கேனில் அடித்திருக்கும் தொகுதி இலக்கத்தை விரலால் தேய்த்தால் அழியக் கூடாது. லேபிள் கோணலாக ஒட்டியிருந்தாலும், பழைய பசை தடவிய தடம் தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கம்பனியின் அங்கீகார முகவரிடம் வாங்கினால் இந்தத் தலையிடி பாதி குறையும். இலங்கையில் மசகு எண்ணெய் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் அனுமதி பெற்ற கம்பனிகளின் பட்டியலைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தளத்தில் பார்க்கலாம். ஏமாற்றியது உறுதி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அது இல்லாமல் முறைப்பாடு நகராது.

கராஜில் மாற்றும்போது உங்கள் முன்னாலேயே கேனைத் திறக்கச் சொல்லுங்கள். சங்கடமாக இருந்தால் இப்படிக் கேட்கலாம்: "பாஸ், கேனை நான் கொண்டு போறன், வீட்டில தேவை இருக்கு." பிறகு அதைக் கத்தியால் கீறிவிட்டுக் குப்பைக்குக் கொடுங்கள். உங்கள் கேன் அடுத்தவரின் போலி ஒயிலாகத் திரும்பி வராது.

படி 6: கிலோமீற்றருக்குக் கணக்குப் போடுங்கள்

ஒரு பேச்சுக்கு, மலிவு கேன் 12,000 ரூபாய், விலை கூடியது 18,000 ரூபாய் என்று வையுங்கள். மலிவை 5,000 கிலோமீற்றரில் மாற்றினால் கிலோமீற்றருக்கு 2.40 ரூபாய். விலை கூடியதை 10,000 வரை ஓட்டினால் 1.80 ரூபாய், ஃபில்டரும் கூலியும் ஒரு முறைதான். ஆனால் கராஜில் ஒட்டும் ஸ்டிக்கர் 5,000 என்று சொல்ல, நீங்களும் அதன்படியே போனால் விலை கூடியது 3.60 ஆகிவிடும். 5,000இல் மாற்றிவிடும் பழக்கம் உள்ளவருக்கு, கையேட்டுத் தரத்தைத் தொடும் மலிவு ஒயில்தான் புத்திசாலித்தனம்.

10,000 ஓட்டலாமா என்பது நீங்கள் ஓடும் பாதையைப் பொறுத்தது. தெற்கு அதிவேகப் பாதையில் மாத்தறை போய் வரும் காருக்கு ஓரளவு சரி. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதியில் காலை எட்டு மணிக்கு ஊர்ந்து போகும் கார் வேறு. மீற்றர் ஏறாது, என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஹைபிரிட் என்றால் என்ஜின் நெரிசலில் அணைந்துவிடும்தான், ஆனால் குறுந்தூர ஓட்டத்தில் சரியாகச் சூடேறாமல் நீராவியும் பெற்றோலும் ஒயிலில் சேரும். கையேட்டில் 'கடினமான பாவனை' என்று ஒரு குறுகிய இடைவெளி தனியாகப் போட்டிருக்கும். கொழும்புக்குள்ளேயே ஓடுபவர் அதைத்தான் பின்பற்ற வேண்டும். அதிகம் ஓடாவிட்டாலும் இத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் ஒரு கணக்கு உண்டு, அதையும் பாருங்கள்.

மிச்சம் பிடித்த காசில் ஃபில்டரை மட்டும் மலிவாக வாங்காதீர்கள்.

படி 7: டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்

சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். ஹைபிரிட் என்றால் பவரை முற்றாக அணைத்த பிறகே பொனெட்டைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கை உள்ளே இருக்கும்போது என்ஜின் தானாக ஓடத் தொடங்கலாம். ஒயில் மட்டத்தைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துத் துணியால் துடையுங்கள். முழுதாக உள்ளே விட்டு மறுபடி இழுங்கள். ஒயில் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே நிற்க வேண்டும். மேல் அடையாளத்தைத் தாண்டுவதும் கேடுதான், ஒயில் நுரைத்துவிடும்.

கறுப்பாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். அழுக்கைத் தன்னோடு பிடித்து வைப்பது ஒயிலின் வேலை. பால்தேநீர் நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கலந்திருக்கக்கூடும். அப்போது ஸ்டார்ட் பண்ணாமல் கராஜுக்குச் சொல்லுங்கள். மட்டம் குறைந்திருந்தால் அதே கிரேட், அதே தரத்தில் வேறு கம்பனி ஒயிலைச் சேர்க்கலாம், ஒன்றும் ஆகாது. 4 லீற்றர் கேனில் மிஞ்சியதை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி, கேனின் மேல் திகதியையும் கிரேட்டையும் மார்க்கரால் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வீட்டில் மோட்டார் சைக்கிளும் இருந்தால் அதற்கு மட்டும் இதை ஊற்றாதீர்கள். அதன் கிளட்ச் ஒயிலிலேயே நனைந்து ஓடுவது, கார் ஒயிலில் வழுக்கும். அதற்கு ஜாசோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தரம் எழுதிய ஒயில் தனியாக இருக்கிறது.