பழைய ஜீப்பின் முன் பட்டையை வீட்டிலேயே கழற்றிப் பூட்டுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஓடின பழைய ஜீப்பை வாங்கியவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே குறைதான்: முன்பக்கம் கட்டைவண்டி மாதிரி குதிக்கிறது, 40 தாண்டினால் ஸ்டீயரிங் ஆடுகிறது. உடனே புதுப் பட்டை செட், அதாவது வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங் (ஒவ்வொரு தகட்டையும் பட்டை என்றுதான் சொல்வோம்), வாங்கப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு கடையில் போய் வாங்கி மாட்டினேன், குதிப்பு இன்னும் கூடியது. பட்டையில் கோளாறே இல்லை, பட்டையின் ஒரு முனையைச் சேசியோடு ஊஞ்சல் மாதிரி ஆடவிட்டு இணைக்கிற ஷாக்கிள் துரு பிடித்து இறுகிக் கிடந்திருக்கிறது. ஷாக்கிள் அசையவில்லை என்றால் நீங்கள் எந்தப் பட்டை போட்டாலும் அது கம்பி மாதிரி விறைத்துத்தான் நிற்கும், கொஞ்ச நாளில் ஒடியவும் செய்யும். அதனால் காசை எடுப்பதற்கு முன் இருக்கிற பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஷாக்கிளை ஒழுங்காகப் பூட்டிப் பாருங்கள்.

நான் சொல்வது சிஜே 3பி மாதிரி வண்டியை வைத்து. 1953-இல் வில்லிஸ் கொண்டுவந்த மாடல், மகிந்திரா இங்கே பல வருஷம் செய்து விற்றது. இதில் முன் பட்டை ஆக்சிலுக்கு அடியில் இருக்கும். பட்டையின் பின் முனை பிவட் போல்ட்டில் நிற்கும், முன் முனை, அதாவது பம்பர் பக்கம், ஷாக்கிளில் தொங்கும்.

நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அதற்கு முந்தின மூன்று நாள் சாயங்காலம் பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டின் நட்டு, பிவட் போல்ட், ஷாக்கிள் புஷ் எல்லாவற்றிலும் கம்பி பிரஷ் போட்டு மண்ணை எடுத்துவிட்டு டீசலோ டபிள்யூடி-40ஓ அடித்து ஊறவிடுங்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரம் ஓடிய வண்டி என்றால் ஒரு வாரம் ஊறட்டும், உப்புக்காற்று தின்ற நட்டு மூன்று நாளில் இளகாது.

வண்டியைத் தூக்கும்போது அவசரம் வேண்டாம். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள், இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் படுக்கக் கூடாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பட்டையின் பிவட் பிராக்கெட்டுக்குப் பின்னால் சேசியின் அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். வெட்டுக்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதைப் பலர் வீட்டு முற்றத்தில் பார்த்திருக்கிறேன், அது பாரத்தில் பொடிந்துவிடும் கல், தயவுசெய்து செய்யாதீர்கள். ஸ்டாண்ட் இல்லை என்றால் தடியான அயினி மரக்கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி நிறுத்தலாம். ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி இருக்க வேண்டும், ஆக்சிலின் பாரம் பிரேக் ஹோஸில் தொங்கவே கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மற்றப் பக்கம் ஆக்சிலைப் பிடித்துக்கொள்ளும், எது எப்படி இருந்தது என்று எட்டிப் பார்க்கவும் ஆகும். ஆக்சில் ஜாக்கியை மெதுவாக ஏற்றி இறக்கிப் பட்டை பாரமில்லாமல் தளர்ந்து நிற்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஷாக் அப்சார்பரின் கீழ் முனை, யூ போல்ட் நட்டுகள், அடித்தட்டு, அப்புறம் ஷாக்கிள், கடைசியாகப் பிவட் போல்ட், இந்த வரிசையில் போங்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் மெல்லிய ஆப்பு ஒன்று இருந்தால், அதன் தடித்த பக்கம் எந்தப் பக்கம் பார்த்தது என்று சாக்பீஸில் குறித்துவையுங்கள். இந்த வண்டிக்குக் காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு, 3 டிகிரி, ஆப்பைத் திருப்பி வைத்தால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

இனி ஷாக்கிள். இங்கேதான் நான் முதல் தடவை தப்புப் பண்ணினேன். பழைய ஜீப்பில் ஷாக்கிள் யூ வடிவத்தில் ஒரே கம்பி, இரண்டு முனையிலும் மரை. அதன்மேல் ஏறுகிற புஷ்ஷுக்கு உள்ளேயும் மரை, வெளியேயும் மரை, மேல் புஷ் சேசி பிராக்கெட்டிலும் கீழ்ப் புஷ் பட்டையின் கண்ணிலும் திருகி உட்காரும். எல்லாம் வலது மரை என்று நினைத்து நீளமான பைப்பை ஸ்பானரில் செருகி ஏறி நின்றேன், புஷ்ஷின் தலை மழுங்கிப்போனது, ஒரு நூல் அசையவில்லை. மார்த்தாண்டத்தில் பட்டை வேலை செய்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் எண்ணெய்த் துணியால் ஷாக்கிளைத் துடைத்துவிட்டு, என் விரலைப் பிடித்துக் கம்பியின் கீழ்க் காலில் வைத்தார். செம்மண் அப்பியிருந்த இடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு சின்னப் புடைப்பு. “மக்கா, இது இடது மரை. இந்தக் குமிழ் இருந்தா நீ இறுக்குத பக்கம்தான் கழற்றணும்” என்றார். அதற்குரிய புஷ்ஷின் தலையைச் சுற்றி மெல்லிய பள்ளக் கோடும் இருந்தது, அதுவும் இடது மரைக்கான அடையாளம்தான். ஆகவே ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் முன் ஷாக்கிள் இரண்டின் நாலு முனையையும் சுரண்டித் துடைத்து, குமிழும் கோடும் எங்கே என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா ஷாக்கிளிலும் இருக்காது. யாரோ எப்போதோ மாற்றிப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் வண்டியில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

கழற்றிய பட்டையை வைஸில் கடித்துப் பிடித்தபிறகே நடு போல்ட்டைத் தளர்த்துங்கள். வைஸ் இல்லையென்றால் இரண்டு பெரிய சி கிளாம்ப் போடுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு வேறு வேறு, நடு போல்ட் விட்டதும் துள்ளிப் பிரியும், முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள். பிரித்ததை அடுக்கு வரிசையிலேயே திண்ணையில் பரப்பி, கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, நடு ஓட்டையைச் சுற்றியும் மெயின் பட்டையின் கண்ணை ஒட்டியும் விரிசல் இருக்கிறதா என்று வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தடவினால் மயிர்க்கோடு விரிசல்கூட ஈரக் கோடாகத் தெரியும். அப்படி இருந்தால் அந்தப் பட்டையை மாற்றத்தான் வேண்டும். வெல்டிங் வைக்கக் கூடாது, கேஸில் சுட்டு நிமிர்த்தவும் கூடாது, சூடு பட்டால் இரும்பின் முறுக்கு போய்விடும். வளைவு குறைந்திருந்தால் பட்டைப் பட்டறையில் கொடுத்துக் குளிர்ந்தபடியே அடித்து வளைக்கச் சொல்லுங்கள், இடதும் வலதும் சேர்த்தே கொடுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும்.

நல்ல பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, புது நடு போல்ட் போட்டு அடுக்குங்கள். போல்ட்டின் தலை மேலே, மெயின் பட்டையின் மேல் வர வேண்டும், ஆக்சிலில் பட்டை ஒட்டி நிற்கும் பேடின் குழியில் உட்காருவது அந்தத் தலைதான். அது சரியாக உட்காராமல் யூ போல்ட்டை இறுக்கினால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் போய், வண்டி எப்போதும் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

பூட்டும்போது பிவட் போல்ட்டை முதலில் போட்டுவிடுங்கள். பிறகு ஷாக்கிளின் கிரீஸ் சீல்களை மாட்டி, ஷாக்கிளைப் பிராக்கெட்டிலும் பட்டைக் கண்ணிலும் நுழைத்து, பிராக்கெட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல் புஷ்ஷைக் கையாலேயே தொடங்குங்கள். புஷ்ஷின் உள்மரையும் வெளிமரையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், கோணலாகப் பிடித்தால் கையிலேயே இறுக்கம் தெரியும், உடனே கழற்றித் திரும்பத் தொடங்குங்கள். பாதி ஏறியதும் கீழ்ப் புஷ்ஷையும் பாதி ஏற்றுங்கள். அப்புறம் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாறி மாறி. மேல் புஷ்ஷின் தலை பிராக்கெட்டில் ஒட்டி உட்கார வேண்டும், கீழ்ப் புஷ்ஷின் தலைக்கும் பட்டைக் கண்ணுக்கும் நடுவில் 1/32 அங்குலம், சுமார் 0.8 மில்லி, இடைவெளி விடுங்கள். கிரீஸ் கன்னால் நிப்பிளில் அடித்துவிட்டு ஷாக்கிளைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆட வேண்டும். இறுக்கமாக இருந்தால் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இரண்டு புஷ்ஷையும் கழற்றி மறுபடி ஏற்றுங்கள், என் வண்டியில் மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது.

பிற்காலத்தில் வந்த வண்டிகளில் ரப்பர் புஷ்ஷும் நேர் போல்ட்டும் இருந்தால் விதி வேறு. வண்டி தூக்கி நிற்கும்போது போல்ட்டைக் கையிறுக்கமாக மட்டும் விட்டுவிட்டு, சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி, முழுப் பாரமும் வந்தபிறகு இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

யூ போல்ட் புதியதாகவே போடுங்கள். நாலு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 50 முதல் 55 பவுண்டு-அடி வரை, அதாவது சுமார் 70 நியூட்டன் மீட்டர். பைப் போட்டு அதற்குமேல் இறுக்குவது பட்டைக்கும் போல்ட்டுக்கும் கேடுதான்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னின் பேரிங், அதைப் பார்க்காமல் பட்டையைக் குறை சொல்ல முடியாது. டோ-இன், அதாவது இரண்டு முன் சக்கரமும் முன்னால் லேசாக உள்நோக்கி நிற்பது, பார்க்க இரண்டு பேரும் ஒரு டேப்பும் போதும்: டயரின் நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, முன்னாலும் பின்னாலும் அளந்தால், முன்னால் 1.2 முதல் 2.4 மில்லி குறைவாக இருக்க வேண்டும்.

அப்புறம் பேச்சிப்பாறை ரோட்டில் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வாருங்கள். வந்ததும், 100 கிலோமீட்டர் ஓடியபிறகு இன்னொரு தடவையும், யூ போல்ட் நட்டுகளைத் திரும்ப டார்க் ரெஞ்சில் பாருங்கள், புதுப் போல்ட் உட்கார்ந்து கால் சுற்றாவது ஏறும். ஷாக்கிள் நிப்பிளில் கிரீஸ் அடிக்கும்போது பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே பிதுங்கி, புதியது தெரிகிறவரை அடியுங்கள். மழைக்காலத்தில் தோட்டச் சேற்றில் இறக்கினால், வீட்டுக்கு வந்த அன்றே கழுவிவிட்டு அடித்துவிடுங்கள்.