மலைச்சாலையிலிருந்து வெலோட்ரோமுக்கு: நீலகிரிப் பெண்களுக்கான சைக்கிள் பந்தய வழிகாட்டி

கோத்தகிரியிலோ குன்னூரிலோ வளரும் ஒரு பெண் சைக்கிள் பந்தயத்தையே தொழிலாகக் கொள்ள விரும்பினால், மலை தனக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதை அவள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகை வரை ஏறிப் பழகியவளுக்கு மூச்சும் தொடையும் தாமாகவே உரம் பெற்றுவிடும். ஆனால் நீண்ட ஏற்றத்தில் மிதி நிமிடத்துக்கு 60 சுற்றுகளுக்குக்கூட இறங்கிவிடுகிறது. வெலோட்ரோம் எனப்படும் சாய்தள வட்ட ஓடுதளத்தில் நடக்கும் டிராக் பந்தயத்திலோ கால்கள் 110 சுற்றுகளுக்கும் மேல் சுழல வேண்டும். மலையை மட்டுமே நம்பும் வீராங்கனைகள் பின்தங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, ஏற்றத்தில் பெரிய கியரை வைத்து முக்கி மிதிப்பதை வீரம் என்று எண்ணாதீர்கள். முன்புறம் 34 பற்கள், பின்புறம் 32 அல்லது 34 பற்கள் உள்ள பற்சக்கரங்களைப் பொருத்தி, நிமிடத்துக்கு 80 சுற்றுகளுக்குக் குறையாமல் ஏறப் பழகுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது சிறுமுகைப் பக்கம் இறங்கி, சமதளத்தில் நான்கைந்து பேருடன் வரிசையாக ஓட்டுங்கள். முன்செல்பவரின் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒட்டிச்செல்லும் கலையைத் தனியாக ஏறும் மலைப்பாதை ஒருநாளும் கற்றுத்தராது.

இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்; வளைவுக்குள் நுழைந்தபின் அழுத்திப் பிடித்தால் டயர் வழுக்கும். 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலை பயிற்சிக்கான இடமன்று. விடியலில் காட்டெருமைகள் சாலையில் நிற்கக்கூடும் என்பதால் நன்றாக வெளிச்சம் வந்தபிறகே புறப்படுங்கள்; மழையும் மூடுபனியும் சேர்ந்த நாட்களில் வீட்டுக்குள் ரோலரில் (சைக்கிளை நிறுத்தி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் உருளைகளில்) மிதிப்பதே போதும்.

டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது, கியர் ஒன்றுதான், மிதிக்காமல் உருளவிடவும் முடியாது. சென்னை மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலும், டெல்லியில் இந்திரா காந்தி விளையாட்டரங்கிலும் வெலோட்ரோம்கள் உள்ளன. முதல் நாட்களில் ஓடுதளத்தின் அடிப்பகுதியிலுள்ள கோட்டின் ஓரமாகவே சுற்றுங்கள்; சாய்தளத்தில் மேலேற, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமாவது கைவந்திருக்க வேண்டும். மலைப் பெண்ணின் உடலுக்குக் குறுந்தூர வேகப் பந்தயமான ஸ்பிரிண்ட்டைவிட, எதிரெதிர்ப் புறங்களில் தொடங்கித் துரத்தும் பர்சூட், இடையிடையே புள்ளிகள் சேர்க்கும் பாயிண்ட்ஸ் ரேஸ், பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டும் ஆம்னியம் ஆகியவையே பொருந்தும். சாலைப் பந்தயம் கேட்கும் தாங்குதிறனைத்தான் அவையும் கேட்கின்றன. 2017-இல்தான் சைக்கிள் பழகத் தொடங்கிய அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபாக்னர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத்திலும் அணி பர்சூட்டிலும் தங்கம் வென்றார்.

உடல்நலத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். எடை குறைந்தால் ஏற்றம் எளிதாகும் என்று உணவைக் குறைக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். அதன்பின் எலும்பு வலுவிழக்கும். மாதவிடாய் தவறினால் அதைப் பயிற்சியின் பலன் என்று எண்ணாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். உயரத்தில் உடல் கூடுதல் இரத்த அணுக்களை உருவாக்க இரும்புச்சத்து தேவைப்படுவதால், ஆண்டுக்கு இருமுறையேனும் ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதியுங்கள்.

வருமானத்துக்கு இந்திய ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையே நம் வீராங்கனைகளுக்கு நிலையான துணை. வெளிநாட்டில், மகளிர் உலக அணிகள் எனப்படும் முதல்நிலைத் தொழில்முறை அணிகளின் வீராங்கனைகளுக்குக் குறைந்தபட்ச ஊதியமே 2020-இல்தான் வந்தது. அது ஆண்டுக்கு 15,000 யூரோவில் தொடங்கியது. அந்த வாசல் திறக்கும்வரை மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்ற வரிசையில் முடிவுகளைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்; ஒவ்வொரு சான்றிதழையும் பிறப்புச் சான்றோடும் பாஸ்போர்ட்டோடும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.