பயண பைக்கில் அதிர்வு: பாகத்தை மாற்றும் முன் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் கலங்கித் தெரிகிறது. நூறு கிலோமீட்டர் தாண்டியதும் விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. இந்த நிலையில் புதியவர்கள் பலர் நேராக டயரை மாற்றிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். புது டயர் போட்டும் அதிர்வு குறையவில்லை. கடைசியில் பார்த்தால், என்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் கீழ் போல்ட் தளர்ந்திருந்தது. சாலையில் ஐந்து நிமிடம் செலவழித்து ஒரு சோதனை செய்திருந்தால் டயர் பக்கமே போயிருக்க மாட்டேன்.

அந்தச் சோதனைக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: அதிர்வு புதிதாக வந்ததா, வண்டி வாங்கிய நாள் முதல் இருக்கிறதா? ஒற்றை சிலிண்டர் என்ஜின் இயல்பாகவே அதிரும். வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள என்ஜினில், கிராங்க் (என்ஜினுக்குள் சுழலும் தண்டு) ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை எழும் நுண்ணிய அதிர்வு உண்டு. குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) அது கைப்பிடியில் தேனீ ரீங்காரம் போல உணரப்படும். இவை பழுது அல்ல. நேற்று வரை இல்லாதது இன்று வந்திருக்கிறது, அல்லது முன்பிருந்தது கூடியிருக்கிறது என்றால் மட்டுமே தேட வேண்டும்.

படி 1: சுமையை இறக்குங்கள்

பக்கப் பெட்டிகள், மேல் பெட்டி, டேங்க் பை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெட்டியைத் தாங்கும் கம்பியில் ஒரு நட்டு தளர்ந்தாலே முழு வண்டியும் ஆடுவது போலத் தோன்றும். வேகம் கூடும்போது பின்பகுதி பாம்பு போல மெதுவாக நெளிந்தால், சந்தேகம் முதலில் மேல் பெட்டியின் எடை மீதுதான் விழ வேண்டும்.

பிறகு டயரில் காற்று. வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதன் உச்ச அளவு. நமக்கு வேண்டியது வண்டியின் கையேட்டில் உள்ள அளவு.

படி 2: சக்கரமா, என்ஜினா?

முழு வேலையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. மணிக்கு 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்குப் பன்னிரண்டு முறை போலச் சுற்றுகிறது. அதே நேரத்தில் 5,000 ஆர்பிஎம்மில் ஓடும் என்ஜின் நொடிக்கு 83 முறை சுற்றுகிறது. இந்த வேறுபாட்டைக் கை தானாகவே உணரும். சக்கரத்தின் கோளாறு தட்டித் தட்டிக் குலுக்கும்; என்ஜினின் கோளாறு விறுவிறுவென்று கூசச் செய்யும்.

உறுதி செய்ய, போக்குவரத்து இல்லாத நேரான, சமமான சாலைக்குச் செல்லுங்கள். இரு கைகளும் எப்போதும் ஹேண்டில்பாரிலேயே இருக்கட்டும்.

அதிர்வு வரும் வேகத்தைப் பிடியுங்கள். வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறையுங்கள். வேகம் அதேதான், ஆர்பிஎம் மட்டும் ஏறியிருக்கிறது. அதிர்வு மாறாமல் நின்றால் காரணம் டயர், சக்கரம், பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) பக்கம். அதிர்வின் தன்மை மாறினால் என்ஜின் பக்கம்.

அடுத்து, அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்ச்சைப் பிடித்து வண்டியை உருள விடுங்கள். அப்போதும் அதிர்ந்தால் சக்கரம். சட்டென்று அடங்கினால் என்ஜின், அல்லது இழுவிசை ஏறும்போது மட்டும் கோளாறு காட்டும் செயின். கடைசியாக வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆர்பிஎம்மை மெதுவாக ஏற்றுங்கள். நின்ற இடத்திலேயே அதே அதிர்வு வந்தால் சக்கரத்தை மறந்துவிடலாம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் லீவர் துடிக்கிறதா? பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். மணிக்கு 70 கி.மீ.யிலிருந்து வேகம் குறையும்போது மட்டும் ஹேண்டில் இடவலமாக நடுங்குகிறதா? முன் டயரின் தேய்மானம், பாலன்ஸ் (சக்கரத்தின் எடைச் சமநிலை), ஹேண்டில் தண்டின் பேரிங் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

படி 3அ: சக்கரம் அல்லது செயின் என்று தெரிந்தால்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ரிம்முக்கு மிக அருகில் ஒரு குச்சியை நிலையாகப் பிடித்தால், இடைவெளி கூடிக் குறைவது தெரியும். ரிம் வளைந்திருக்கிறது என்று பொருள். டயர் ரிம்மோடு சேருமிடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் இல்லையென்றால் டயர் சரியாக உட்காரவில்லை. ரிம்மில் ஒரு சிறு கட்டம் மட்டும் பசைத் தடத்தோடு தெரிந்தால், அங்கே ஒட்டியிருந்த பாலன்ஸ் எடை விழுந்துவிட்டது.

உள்ளங்கையால் டயரை ஒரு திசையிலும், பிறகு எதிர்த் திசையிலும் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் ரம்பம் போன்ற சொரசொரப்பு என்றால் தேய்மானம் சீரில்லை.

டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ‘டக்’ என்று சிறு ஆட்டம் இருந்தாலும் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். பேரிங்கோ அச்சின் நட்டோ சரியில்லை. முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது, நேர்நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவது போலப் பிடித்தால், தண்டின் பேரிங் தேய்ந்துவிட்டது.

செயினை என்ஜின் ஓடும்போது தொடவே கூடாது. கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் செயினைத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. நியூட்ரலில் கையால் சுற்றி, நாலைந்து இடங்களில் தொய்வை அளவுகோலால் அளங்கள். பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ. என்று இருக்கும்; உங்கள் கையேடு சொல்வதே முடிவு. ஓரிடத்தில் இறுக்கமும் மற்றோரிடத்தில் தொய்வும் இருந்தால் செயின் சீரற்று நீண்டிருக்கிறது. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. ஸ்ப்ராக்கெட்டுகளோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

படி 3ஆ: என்ஜின் என்று தெரிந்தால்

என்ஜின் போல்ட்டுகள், சைலன்சர் பிடிகள், கால்மிதி, ஹேண்டில்பார் முனை எடைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முனை எடை ஒன்று கழன்று விழுந்தாலே அந்தக் கை மட்டும் மரத்துப்போகும். என்ஜின் போல்ட்டுகளை டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இறுக்க வேண்டாம்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அருகருகே வையுங்கள். ஒன்று மட்டும் கறுத்தோ ஈரமாகவோ இருந்தால் அந்த சிலிண்டர் சரியாக எரிவதில்லை. வால்வு இடைவெளியும், பல சிலிண்டர்களுக்கும் காற்று சமமாகப் போகிறதா என்ற சோதனையும் கருவியும் பழக்கமும் கேட்கும் வேலைகள். தொடக்கத்தில் அவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

இதற்கிடையில் கைப்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது.

படி 4: எழுதி வையுங்கள்

எந்த வேகம், எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், கையிலா இருக்கையிலா கால்மிதியிலா, கிளட்ச் பிடித்தபோது என்ன ஆனது என்று நான்கு வரி எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ‘வண்டி அதிர்கிறது’ என்று மட்டும் சொன்னால் அவரும் டயரிலிருந்துதான் தொடங்குவார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு அதே சாலையில், அதே வேகத்தில், அதே கியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடலாம்.