மீன்தொட்டி விளக்கு தண்ணீருக்குள் விழுந்துவிட்டால்

மீன்தொட்டியின் மேல் பொருத்திய எல்இடி விளக்கு தவறித் தண்ணீருக்குள் விழுந்தால், அது தொடர்ந்து எரிந்துகொண்டிருந்தாலும், சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றும்வரை தொட்டிக்குள் கைவிடவே கூடாது. பிளக்கும் நனைந்திருந்தால், ஈரமில்லாத கையால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். அடாப்டர் வழியாகக் குறைந்த வோல்ட்டில் இயங்கும் விளக்கை மட்டுமே வீட்டில் உலர்த்தலாம். அது கடல்நீர்த் தொட்டியில் விழுந்ததாயின், உப்பு செம்புத் தடங்களை விரைவில் அரித்துவிடும் என்பதால், திருகுகளைக் கழற்றி, உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் அலசுவது அவசியம். நன்னீர்த் தொட்டியென்றால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். பிறகு மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள்களாவது உலரவிடுங்கள். ஹேர் டிரையரின் சூடு பசையையும் பிளாஸ்டிக் மூடியையும் இளக்கிவிடக்கூடும். பலரும் சொல்வதுபோல அரிசிக்குள் புதைத்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அதன் மாவுத்தூள் இடுக்குகளில் ஒட்டிக்கொள்ளும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பதே மேல். மூடியின் உட்புறம் சிறிதளவு நீர்த்துளி தெரிந்தாலும் மின் இணைப்புக் கொடுக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் நேரடியாக வந்துசேரும் அடாப்டர் நனைந்திருந்தால், அதை உலர்த்திப் பயன்படுத்த முயலாமல், அதே வோல்ட், ஆம்பியர் அளவுள்ள புதியதை வாங்கிவிடுங்கள்.